இறுகிய மரை

சிறிய காரை வீட்டு வாசலிலேயே நிறுத்தித் தாமே பராமரித்துக்கொள்ளும் வழக்கமுள்ளவர்கள், ஆயில் மாற்றுவதையும் ஏர் ஃபில்டரைத் தட்டித் துடைப்பதையும் போலவே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதையும் சாமான்யமான ஒரு காரியமாகக் கருதுகிறார்கள். அநேகமாக அது அப்படியே நடந்தும் விடுகிறது. ஆனால் பல மாதங்களாக, சில சமயம் பல வருஷங்களாக, ஒருவர் கையும் படாமல் தன் குழிக்குள்ளேயே இருந்துவிட்ட பிளக், ஸ்பேனரின் முதல் இழுப்புக்கு அசைந்துகொடுக்காமல் நிற்கும்போது, அந்தச் சாமான்யமான காரியம் பௌதிகமும் ரசாயனமும் கூடி மனிதனின் நிதானத்தைப் பரீட்சிக்கும் பிரச்னையாக மாறிவிடுகிறது. அந்த நேரத்தில் பெரும்பாலோருக்கு உதிக்கிற முதல் யோசனை, இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்துப் பார்க்கலாம் என்பது. அது ஏன் பிசகான யோசனை என்பதையும், பலத்தைப் பிரயோகிப்பதற்கு முன்னால் எவற்றையெல்லாம் பிரயோகிக்கலாம் என்பதையும் இந்த அத்தியாயத்தில் ஆராய்வோம்.

உதாரணத்துக்கு நமக்கெல்லாம் பழக்கமான மாருதி 800 காரையே எடுத்துக்கொள்ளலாம். 1983 டிசம்பரில் முதல் வண்டி வெளிவந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன இந்தக் காரை இன்றும் பல வீடுகளின் முன்னால் பார்க்கிறோம். 796 சி.சி. கொள்ளளவுள்ள அதன் எஞ்சினுக்கு மூன்று சிலிண்டர்கள். ஆகவே மூன்றே பிளக்குகள். எஞ்சினின் உடற்பகுதியான பிளாக் வார்ப்பிரும்பினாலானது; அதன்மேல் அமர்ந்து சிலிண்டர்களை மூடுகின்ற ஹெட் அலுமினியக் கலவையினாலானது. பிளக்கின் உடம்போ எஃகு. அதன் மரையின் விட்டம் 14 மில்லிமீட்டர், நீளம் 19 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு 1.25 மில்லிமீட்டர் இறங்கும்படி வெட்டப்பட்டிருப்பதால், ஏறக்குறைய 15 மரைகள் ஹெட்டைப் பற்றிக்கொண்டிருக்கின்றன. எஃகு மரை ஒருபுறமும் அலுமினிய மரை மறுபுறமுமாகத் தொட்டுக்கொண்டு சுழன்று இறங்கும் அந்தக் குறுகலான சுருள்பாதையில்தான் நாம் பேசப்போகிற சகல விஷயங்களும் நடக்கின்றன. எஃகு கடினமானது, அலுமினியம் மென்மையானது. எனவே இரண்டையும் மல்லுக்கு நிறுத்தினால், சில நூறு ரூபாய் விலையுள்ள பிளக் ஜெயித்து, அதைப் போல் பல மடங்கு விலையுள்ள ஹெட் தோற்றுப்போகும். இறுகிய பிளக்கைக் கழற்றுகிறவன் செய்கிற ஒவ்வொரு செயலும் ஹெட்டின் மரையைக் காப்பாற்றுவதற்காகவே செய்யப்பட வேண்டும்; பிளக் உருப்படியாக வெளிவருவது இரண்டாம் பட்சம். நான் இங்கே சொல்ல விரும்புகிற கொள்கை இது ஒன்றே. மற்றவையெல்லாம் இதன் விவரங்கள்.

இந்த மரைக்கு இடப்பட்டிருக்கும் வேலைகளை எண்ணிப் பார்த்தால், அது இறுகிப்போவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. முதலில் அது ஒரு பிடிப்பு. அலுமினிய ஹெட்டில் 14 மில்லிமீட்டர் பிளக்கை 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் முறுக்கத்தோடு இறுக்க வேண்டும் என்பது உற்பத்தியாளர்களின் விதி. கால் மீட்டர் நீளமுள்ள ராட்செட்டின் கைப்பிடி நுனியில் 10 அல்லது 12 கிலோ எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் முறுக்கம் அது. ஆனால் மரை என்பது சாய்தளத்தைச் சுருட்டி வைத்த யந்திரமாதலால், அந்தச் சிறிய இழுப்பு, பிளக்கை ஹெட்டோடு சேர்த்து அழுத்துகிற விசையாக மாறும்போது ஏறக்குறைய 900 கிலோவாகப் பெருகிவிடுகிறது. எரியும் வாயுவின் அழுத்தம் வளிமண்டலத்தின் அழுத்தத்தைப் போல் 50 மடங்கு வரை உயர்கிறது என்று கொண்டாலும், அது பிளக்கை வெளியே தள்ளுகிற விசை 80 கிலோவுக்கு மேற்படாது. ஆகவே சரியான அளவில் இறுக்கப்பட்ட பிளக், தனக்கு வரக்கூடிய ஆபத்தைப் போல் பத்து மடங்குக்கும் அதிகமான பலத்தோடு உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மேலும் இறுக்குவதால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இரண்டாவதாக, மரை உஷ்ணத்தின் வடிகால். 2000 டிகிரி செல்சியஸையும் தாண்டிய நெருப்பில் நின்றுகொண்டு, பிளக்கின் மூக்கு ஏறக்குறைய 500 டிகிரிக்கும் 850 டிகிரிக்கும் இடைப்பட்ட நிலையிலேயே இருந்தாக வேண்டும். அதற்குக் கீழே போனால் கரி எரிந்து நீங்காமல் படியும், மேலே போனால் பொறி தோன்றுவதற்கு முன்பே பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். மூக்கு வாங்குகிற உஷ்ணத்தின் பெரும் பங்கு மரை வழியாகவும் வாஷர் வழியாகவும்தான் ஹெட்டுக்குள் இறங்கிக் குளிர்நீரைச் சேர்கிறது. மூன்றாவதாக, மரை மின்சாரத்தின் திரும்பும் பாதை. பல்லாயிரம் வோல்ட்டில் புறப்பட்டு வந்து இடைவெளியைத் தாண்டிய பொறி, இந்த மரையின் வழியாகவே வண்டியின் உடம்பை அடைந்து பேட்டரிக்குத் திரும்புகிறது. எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு பிளக்கிலும் விநாடிக்கு 25 தடவை இது நிகழ்கிறது. கடைசியாக, வாயு கசியாமல் அடைக்கும் வேலை. அதை மரையின் தலைப்பில் உள்ள மெல்லிய வாஷர் நசுங்கி உட்கார்ந்து செய்கிறது. இந்த வாஷரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளிருந்து வாயுவை வெளியே விடாத அதுவே, நாம் வெளியிலிருந்து விடுகிற எண்ணெயையும் உள்ளே விடாது.

மின்பொறியைக் கொண்டு எரிவாயுவைப் பற்றவைத்தவர்களில் லெனுவார் முக்கியமானவர். 1860-இல் அவர் செய்த எஞ்சினிலேயே பிளக்கின் பூர்வ வடிவம் இருந்தது. 1902-இல் ராபர்ட் பாஷின் தொழிற்சாலையில் காட்லோப் ஹொனோல்டு என்ற பொறியாளர் உயர் அழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் ஒருங்கே அமைத்த பிறகு, மோட்டார் உலகம் அந்த ஏற்பாட்டை விட்டு விலகவே இல்லை. அந்நாளைய எஞ்சின்களில் பெரும்பாலானவற்றுக்கு ஹெட்டும் வார்ப்பிரும்பே. இரும்புக் குழிக்குள் எஃகு மரை. ஒரே குலத்து உலோகங்கள். துருப்பிடித்து இறுகினாலும் மரை அறுந்து வருவது அபூர்வம். பிறகு அலுமினியம் வந்தது. எடையில் வார்ப்பிரும்பின் பாதிக்கும் குறைவு, உஷ்ணத்தைக் கடத்துவதில் அதைப் போல் ஏறக்குறைய மும்மடங்கு. சிறிய காருக்கு இதைவிடப் பொருத்தமான உலோகம் கிடையாது. அந்த நன்மைகளோடு சேர்ந்து, எஃகும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் என்ன நேரும் என்ற கேள்வியும் ஹெட்டுக்குள் நுழைந்தது.

அந்தக் கேள்விக்கு முதல் விடை மோட்டார் வண்டியிலிருந்து கிடைக்கவில்லை, கப்பலிலிருந்து கிடைத்தது. 1761-இல் பிரிட்டிஷ் கடற்படையினர் ‘அலார்ம்’ என்ற போர்க்கப்பலின் அடிப்புறம் முழுவதையும் செப்புத் தகடுகளால் போர்த்தி, மேற்கிந்தியத் தீவுகளின் வெப்பக் கடலுக்கு அனுப்பிவைத்தார்கள். பலகையைத் துளைக்கும் கடற்புழுவிடமிருந்து மரத்தைக் காப்பதே நோக்கம். 1763-இல் கப்பலைப் பரிசோதித்தபோது செம்பு செவ்வையாகவே இருந்தது. ஆனால் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகளில் பல, உருத்தெரியாமல் அரித்துப்போயிருந்தன. அதிலும் ஒரு விசேஷத்தைப் பரிசோதித்தவர்கள் கவனித்தார்கள்: சில ஆணிகள் மட்டும் கெடாமல் இருந்தன. தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் சரியாக உரிக்கப்படாமல் ஆங்காங்கே தங்கிப்போய், அந்த ஆணிகளுக்கும் செம்புக்கும் இடையே அகப்பட்டுக்கொண்டிருந்தது. காகிதம் இருந்த இடத்தில் அரிப்பு இல்லை. இரும்பும் செம்பும் உப்புநீரில் நேராகத் தொட்டுக்கொள்ளலாகாது என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். காரணம் அப்போது ஒருவருக்கும் விளங்கவில்லை. 1800-இல் வோல்ட்டா, இரண்டு வேறு உலோகத் தட்டுகளுக்கிடையே உப்புநீரில் நனைத்த துணியை வைத்து அடுக்கடுக்காகக் கோத்து மின்சாரத்தை உண்டாக்கிக் காட்டிய பிறகே, அந்தக் கப்பலின் அடிப்புறம் முழுவதும் தன்னையறியாமல் ஒரு பேட்டரியாக வேலை செய்திருக்கிறது என்பது தெளிவாயிற்று. 1824-இல் ஹம்ஃப்ரி டேவி இந்தத் தத்துவத்தைத் திருப்பிப் பயன்படுத்தி, செம்பைக் காப்பதற்காகத் துத்தநாகத்தையும் இரும்பையும் வேண்டுமென்றே அரிக்கவிடும் உபாயத்தைச் சொன்னார்.

நம் பிளக்கின் குழியிலும் நடப்பது இதுவே. உலோகங்களை, எலெக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் சுபாவத்தின்படி வரிசைப்படுத்தினால், அலுமினியம் மைனஸ் 1.66 வோல்ட்டிலும் இரும்பு மைனஸ் 0.44 வோல்ட்டிலும் நிற்கின்றன. விட்டுக்கொடுப்பதில் அலுமினியம் மிகத் தாராளமானது. இரண்டும் தொட்டுக்கொண்டு, நடுவே ஒரு துளி ஈரமும் அதில் சிறிது உப்பும் இருந்துவிட்டால், அலுமினியம் கரையத் தொடங்குகிறது. சாதாரணமாக அலுமினியத்தின் மேனியை அதன் ஆக்சைடுப் படலம் காத்து நிற்கும். உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைத்துவிடுகிறது. சென்னையிலிருந்து நாகப்பட்டினம், தூத்துக்குடி வழியாகக் கன்னியாகுமரி வரை கடற்காற்று வீசும் ஊர்களில் நிற்கும் வண்டிகளுக்கு இந்தத் தொல்லை அதிகம். உள்நாட்டு ஊர்களிலும், எஞ்சினைப் பளபளப்பாக்க வேண்டும் என்று சர்வீஸ் நிலையங்களில் பானெட்டைத் திறந்து உயர் அழுத்தத்தில் நீரைப் பாய்ச்சும் வழக்கம், பிளக்கின் குழியில் ஈரத்தைச் சேர்த்துவைக்கிறது. அந்த வழக்கத்தைக் கைவிடும்படி வாசகர்களை வற்புறுத்துகிறேன். ஈரத்துணியால் துடைத்தாலே எஞ்சின் சுத்தமாகிவிடும். அரித்த அலுமினியம் வெண்ணிறப் பொடியாக மாறுகிறது. அந்தப் பொடிக்குத் தான் பிறந்த உலோகத்தைவிட அதிக இடம் வேண்டும். மரைகளுக்கிடையே இடமோ இல்லை. ஆகவே அது இரு பக்கமும் நெருக்கி, மரையைக் கவ்விக்கொள்கிறது. பிளக்கின் மரைக்குத் துத்தநாகமோ நிக்கலோ பூசியிருப்பது இந்தக் கவ்வலைத் தள்ளிப்போடுவதற்காகவே.

இங்கே சற்று நின்று ஓர் அழகான விஷயத்தைப் பார்க்கலாம். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் சாமான்யமான பீங்கான் அல்ல. அதன் பெரும்பகுதி அலுமினியம் ஆக்சைடு. படிகமாக இயற்கையில் விளைந்து, சிறிது குரோமியம் கலந்து செந்நிறம் பெற்றால் அதே பொருளுக்கு மாணிக்கம் என்று பெயர். இரும்பும் டைட்டானியமும் கலந்து நீலநிறம் பெற்றால் நீலம். உஷ்ணத்துக்கும் மின்சாரத்துக்கும் அசையாத அந்தப் பொருளைப் பொறியாளர்கள் உயர்ந்த உலையில் சுட்டுப் பிளக்கின் உள்ளே வைக்கிறார்கள். அதற்கு ஓர் அங்குலம் தள்ளி, மரையின் இடுக்கில், அலுமினியமும் ஆக்சிஜனும் நீரோடு சேர்ந்து இயற்கை தானாக உண்டாக்கிய பொடி அதே பிளக்கை வெளியே வரவிடாமல் தடுக்கிறது. மூலப்பொருள்கள் ஒன்றே, உருவான விதம் வேறு.

வெண்பொடியைத் தவிர இறுக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. எந்தக் காரணம் என்று அறிந்தால்தான் சிகிச்சை பலிக்கும். மரையின் கீழ்நுனி எரிகலத்தைப் பார்த்திருப்பதால், அங்கே கரி பிடிக்கிறது. சரியான நீளமுள்ள பிளக்காக இருந்தால் மரை ஹெட்டின் உட்பரப்போடு சமமாக முடிந்துவிடும். கரி படிய மிகுந்த இடமில்லை. ஆனால் 14 மில்லிமீட்டர் பிளக்குகளிலேயே 12.7 மில்லிமீட்டர் நீளமுள்ளவையும் 19 மில்லிமீட்டர் நீளமுள்ளவையும் கடையில் அடுத்தடுத்து இருக்கின்றன. நீளம் குறைந்த பிளக்கைத் தவறிப் போட்டு ஓட்டினால், ஹெட்டின் கடைசி ஐந்து மரைகள் வெறுமையாக நெருப்பில் நின்று கரியால் நிரம்பிவிடும். பிறகு சரியான பிளக்கைப் போடும்போது அது அந்தக் கரிக்குள் வலிந்து இறங்கி அங்கேயே ஊன்றிக்கொள்ளும். நீளம் அதிகமான பிளக்கைப் போட்டாலோ, எரிகலத்துக்குள் துருத்தி நிற்கும் அதன் நுனி மரைகளில் கரி கட்டி, வெளியே வருகையில் ஹெட்டின் மரையை அறுத்துக்கொண்டே வரும். ஃபோர்டு நிறுவனம் அமெரிக்காவில் 2004 முதல் சில வருஷங்கள் விற்ற 5.4 லிட்டர், சிலிண்டருக்கு மூன்று வால்வுள்ள எஞ்சின்களில், பிளக்கின் நீண்ட கீழ்ப்பகுதியைச் சுற்றிக் கரி இறுகிப்போய், மேல்பகுதி மட்டும் கையோடு வந்து கீழ்ப்பகுதி ஹெட்டிலேயே தங்கிவிடுவது மெக்கானிக்குகளிடையே பிரசித்தம். அங்கே மரையின் மேல் ஒரு குற்றமும் இல்லை. கரி செய்த வேலை அது.

மூன்றாவது காரணம் சூட்சுமமானது. உராய்வு, அழுத்தும் விசைக்கு ஏற்ப அமைகிறதே தவிரத் தொடும் பரப்பைப் பொறுத்ததல்ல என்று 1699-இல் அமோந்தோன் சொன்னார். கூலோம் அதை விரிவாக ஆராய்ந்தார். ஏன் அப்படி என்பதை இருபதாம் நூற்றாண்டில் கேம்பிரிட்ஜில் பௌடனும் டேபரும் விளக்கினார்கள். எவ்வளவு வழவழப்பாகக் கடைந்த பரப்பும் அணுவளவில் மேடுபள்ளம்தான். இரண்டு பரப்புகள் தொடும்போது மேடுகளின் உச்சிகள் மட்டுமே உண்மையில் தொடுகின்றன. அந்தச் சிறிய புள்ளிகளில் அழுத்தம் அளவுகடந்து உயர்வதால், உலோகத்தோடு உலோகம் ஒட்டிப் பற்றுகிறது. அலுமினியத்தில் இந்த ஒட்டும் குணம் மிக அதிகம். மேலே காவலாக உள்ள ஆக்சைடுப் படலம் மிக மெல்லியது. இழுப்பில் அது உரிந்ததும் பச்சை அலுமினியம் எஃகின்மேல் அப்பிக்கொள்கிறது. அப்பிய துணுக்கு அடுத்த மரையைச் சுரண்டுகிறது. சுரண்டிய துணுக்குகள் சேர்ந்து ஆப்பாகின்றன. எண்ணெயில்லாமல் பலவந்தமாகத் திருகுகிறபோது, திருகத் திருக இறுக்கம் ஏறிக்கொண்டே போவதன் ரகசியம் இதுவே. பிளக் முன்பே இறுகியிருந்தது என்று நாம் நினைக்கிறோம். அதை நாமே அந்தக் கணத்தில் இறுக்கிக்கொண்டிருக்கிறோம்.

இனிச் செய்முறைக்கு வருவோம். எஞ்சின் ஆறியிருக்கும்போதே தொடங்க வேண்டும். பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிவிட்டு, பிளக் வயரை இழுக்காமல் கேப்பைப் பிடித்து மெல்லத் திருகி எடுத்து, பிளக்கைச் சுற்றியுள்ள குழியில் சேர்ந்த மணலையும் தூசியையும் காற்றடித்து அகற்ற வேண்டும். பிளக் வெளிவந்த பிறகு அந்த மணலுக்குப் போக்கிடம் சிலிண்டர் ஒன்றுதான். ஸ்பேனர், பிளக்கின் அறுகோணத் தலையில் முழுதும் இறங்கி, நேராக நிற்க வேண்டும். சாய்ந்தால் பீங்கான் நொறுங்கும். சிறிய ராட்செட்டைக் கொண்டு, தோளின் பலத்தை விட்டுவிட்டு முன்கையின் பலத்தால் மட்டும், சீராக இழுக்க வேண்டும். உதறி இழுப்பது, குதித்து ஏறி மிதிப்பது, ஸ்பேனரின் பிடியில் இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்குவது ஆகிய மூன்றையும் அறவே விலக்க வேண்டும். ஒரு மீட்டர்க் குழாயின் நுனியில், இறுக்கும்போது கொடுத்த அதே 12 கிலோ இழுப்பைக் கொடுத்தால், பிளக்குக்குப் போய்ச் சேர்வது அன்றைய முறுக்கத்தைப் போல் நான்கு மடங்கு; அவ்வளவு தூரத்தில் நிற்கும் கைக்கு, உள்ளே நடப்பது எதுவும் தெரியாது.

கைக்குத் தெரிவதுதான் இந்த வேலையில் முக்கியம். ‘டக்’ என்ற ஒற்றைச் சப்தத்தோடு விட்டு, பிறகு இலகுவாகச் சுழன்றால், வாஷர் மட்டுமே ஒட்டியிருந்தது என்று அர்த்தம், கவலைக்கு இடமில்லை. சிறிது நகர்ந்து, கிறீச்சென்ற ஓசையோடும் மணலைத் தேய்ப்பது போன்ற சொரசொரப்போடும் நகர்ந்தால், மரையில் வெண்பொடி நிறைந்திருக்கிறது. முதல் சுற்று சுலபமாக வந்து, வெளியே வர வர இறுகினால், கீழ்நுனியில் கரி இருக்கிறது அல்லது அலுமினியம் உரிந்து அப்பிக்கொண்டிருக்கிறது; அந்த நிமிஷமே நிறுத்த வேண்டும். ஸ்பேனர் சுழல்கிறாற்போலத் தோன்றி, கையை விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டால், பிளக் அசையவே இல்லை, அதன் உடம்பு முறுகிக்கொண்டிருக்கிறது; அது ஒடியப்போகிறது என்பதற்கு அடையாளம் அது.

எண்ணெய் விடுவதைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. குழி நிறைய எண்ணெயை விட்டு ஒரு ராத்திரி காத்திருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். ஏற்கெனவே சொன்னபடி, நசுங்கிய வாஷர் அந்த எண்ணெயை உள்ளே விடுவதில்லை. பிளக்கை எட்டில் ஒரு சுற்றாவது அசைத்து, வாஷரின் பிடி தளர்ந்த பிறகே எண்ணெய்க்கு வழி திறக்கிறது. ஆகவே முதலில் அந்தச் சிறு அசைவு, பிறகு எண்ணெய், பிறகு காத்திருத்தல். மண்ணெண்ணெயோ, டபிள்யூடி-40 போன்ற ஊடுருவும் எண்ணெயோ ஏற்றது. 1953-இல் உலோகத்திலிருந்து ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்யப்பட்ட டபிள்யூடி-40, வெண்பொடிக்குக் காரணமான ஈரத்தையும் விரட்டும் என்பது கூடுதல் லாபம். மெல்லிய திரவம், குறுகிய இடுக்குக்குள் தன் பரப்பு இழுவிசையாலேயே ஏறிச் செல்லும். அதற்கு வேண்டியது அவகாசம் மட்டுமே. கரி எண்ணெய்க்கு மசியாது. அங்கே கார்புரேட்டர் கழுவும் திரவந்தான் வேலை செய்யும். எஞ்சின் ஆறியிருக்கையில், அருகில் நெருப்பில்லாமல் அதைப் பயன்படுத்த வேண்டும்.

அதன் பிறகு, எட்டில் ஒரு சுற்று தளர்த்தி, அதே அளவு திரும்ப இறுக்கி, மறுபடி சிறிது அதிகம் தளர்த்தி, இப்படி முன்னும் பின்னுமாகக் கொண்டுபோக வேண்டும். பின்னோக்கித் திருப்புவதால் காலம் வீணாவதாகச் சிலருக்குத் தோன்றும். உண்மையில், வெளியே வரும் திசையில் குவிந்து ஆப்பாகும் பொடி, திருப்பும்போது பின்தங்கிய இடத்துக்குப் போய் எண்ணெயில் நனைந்து குழைகிறது. அடுத்த முறை மரை அதன்மேல் வழுக்கிக்கொண்டு வருகிறது. ஒவ்வொரு முறையும் ஓசை குறைவதைக் காது கேட்கும். மறுபடி ஓசை ஏறினால் மறுபடி எண்ணெய். ஒரு பிளக்குக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் அது நல்ல முறையில் செலவான மணி நேரமே.

இதற்கும் அசையாவிட்டால் உஷ்ணத்தை உதவிக்கு அழைக்கலாம். அலுமினியம் எஃகைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு விரிகிறது: ஒவ்வொரு டிகிரிக்கும் பத்து லட்சத்தில் 23 பங்கு அது, 12 பங்கு இது. 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடேற்றினால், 14 மில்லிமீட்டர்க் குழியானது பிளக்கைவிட மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்பது பங்கு அதிகமாக விரியும். தலைமயிரின் பருமனில் ஏழில் ஒரு பங்கு கூடத் தேறாத இந்த இடைவெளி அற்பமாகத் தோன்றலாம். பொடியின் கவ்வலைத் தளர்த்த அது போதும். ஆனால் எஞ்சின் ஓடுகையிலும் ஓடி நின்றவுடனேயும் பிளக்கின் உஷ்ணம் ஹெட்டின் உஷ்ணத்தைவிட அதிகமாதலால், அந்தச் சமயத்தில் விரிவின் லாபம் பிளக்கின் பக்கம் போய்விடுகிறது; மேலும் சூடான அலுமினியம் மென்மையுற்று, உரிந்து அப்பும் சுபாவம் கூடுகிறது. ஆகையால் எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டி நிறுத்தி, அரை மணி நேரம் போல் ஆறவிட்டு, இரு உலோகங்களும் ஒரே உஷ்ணத்துக்கு வந்து, ஹெட்டில் கையை வைத்தால் ஒரு கணம் பொறுக்கும் நிலையில் முயல்வதே உசிதம். முதல் முயற்சி ஆறிய எஞ்சினில். அது பலிக்காதபோது மட்டும் இந்த இளஞ்சூடு. கொதிக்கும் எஞ்சினில் ஒருபோதும் வேண்டாம்.

டார்க் ரென்ச் வைத்திருப்பவர்கள், இறுக்கும் அளவைப் போல் இரு மடங்கு, அதாவது 60 நியூட்டன் மீட்டர் வரை போய்ப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு மேல் வேண்டியிருந்தால் மறுபடி எண்ணெய், மறுபடி ஒரு ராத்திரி. அப்படியும் அசையாத பிளக்கை விட்டுவிட்டுப் பட்டறைக்குப் போவதில் அவமானம் ஒன்றுமில்லை. பிளக் ஒடிந்து உடம்பு உள்ளே தங்கிவிட்டால், ஈஸி அவுட் என்று மெக்கானிக்குகள் வழங்கும் இடதுசுற்றுக் கருவியால் எடுக்கலாம். எனினும் பீங்கான் துணுக்குகள் சிலிண்டருக்குள் விழுந்தால், மாணிக்கத்துக்கு நிகரான கடினமுள்ள அவை சிலிண்டர் சுவரைக் கீறிவிடுமாதலால், அந்த நிலையில் ஹெட்டைக் கழற்றுவதே பத்திரம். மரை அறுந்துபோனால், துளையைச் சற்றுப் பெரிதாக்கிப் புது மரை வெட்டி, துருப்பிடிக்காத எஃகுக் கம்பியாலான ஹெலிகாயில் சுருளை அதற்குள் இறக்குவார்கள். தேர்ந்த கை செய்தால் அந்த மரை பழைய அலுமினிய மரையைவிட உறுதியாக இருக்கும்.

வெளிவந்த பிளக்கின் மரையைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பது நல்லது. வெண்பொடியானால் ஈரம் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும். கீழ்நுனியில் கரியானால் பிளக்கின் நீளத்தை அளக்க வேண்டும். மரையின் பள்ளங்களில் வெள்ளி நிறத்தில் பளபளக்கும் இழைகள் சிக்கியிருந்தால் அவை ஹெட்டிலிருந்து வந்தவை, அடுத்த பிளக்கைப் போடுமுன் ஹெட்டின் மரையை மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். புதிய பிளக்கை மாட்டும்போது ஸ்பேனரைத் தொடவே கூடாது. பிளக்கின் தலையில் ஒரு சாண் பெட்ரோல் ஹோஸைச் செருகி, அதைப் பிடித்து விரல்களாலேயே திருகி இறக்க வேண்டும். மரை கோணலாக ஏறினால் ஹோஸ் வழுக்கிவிடும், ஹெட் பிழைக்கும். இறுகாமலிருக்கத் தடவும் பேஸ்ட்டைச் சிலர் விரும்புகிறார்கள். பூச்சிட்ட மரையுள்ள பிளக்குகளுக்கு அது வேண்டாம் என்றே உற்பத்தியாளர்கள் சொல்கிறார்கள். வழுக்கும் மரையில் அதே முறுக்கம் அதிக இழுவிசையை உண்டாக்கி மரையை நீட்டிவிடும். பழைய, பூச்சற்ற பிளக்குக்குத் தடவித்தான் ஆக வேண்டுமென்றால் நூலளவே தடவி, முறுக்கத்தைக் கால் பங்காவது குறைத்துக்கொள்ள வேண்டும்.

இக்காலத்தில் இரிடியம் பிளக்குகள் ஒரு லட்சம் கிலோமீட்டர் வரை உழைக்கின்றன. அது பொறி தோன்றும் நுனியின் ஆயுள்; மரையில் ஈரமும் உப்பும் செய்கிற வேலைக்கும் அந்தக் கணக்குக்கும் சம்பந்தமில்லை. ஆகவே கடலோரத்தில் கார் வைத்திருக்கும் வாசகர்கள், எந்தப் பிளக்காக இருந்தாலும், ஆண்டுக்கு ஒரு முறை ஆறிய எஞ்சினில் அதைக் கழற்றி, மரையைத் துடைத்து, திரும்ப மாட்டிவையுங்கள். புதிய பிளக்கானால் விரலால் உட்கார்ந்த பிறகு அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை. வாஷர் ஏற்கெனவே நசுங்கிய பழைய பிளக்கானால் பன்னிரண்டில் ஒரு சுற்றே போதுமானது.